லினக்ஸ் போட்ட பிறகு லேப்டாப்பில் வைஃபை வரவில்லையா? கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பாருங்கள்



போன கல்வியாண்டின் நடுவில் ஒருநாள் என் தங்கச்சி போன் செய்தாள். அவள் மகள் காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிளஸ் டூ படிக்கும்போது அண்ணனுக்கு அரசு கொடுத்த லேப்டாப்தான் இப்போது தங்கைக்கு. விண்டோஸ் திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது என்று, கூடப் படிக்கும் பிள்ளை ஒருத்தி அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறாள். லேப்டாப் வேகமாகிவிட்டது. ஆனால் வைஃபை அடையாளமே காணோம்.

கடையில் காட்டியிருக்கிறார்கள். "வைஃபை கார்டு போயிருச்சு, போர்டும் போயிருக்கலாம். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசு வாங்கிரலாம்" என்று சொல்லிவிட்டார்களாம். "அண்ணே, ரெக்கார்டு வைக்க இன்னும் ஒரு வாரந்தான் இருக்கு. ரெண்டு வளையலை வச்சுப் புதுசு வாங்கிரவா?" என்று கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறு" என்றேன். ஞாயிறு வந்தார்கள். போன் சார்ஜர் வயரை எடுத்து, போனையும் லேப்டாப்பையும் இணைத்து, அரை மணி நேரத்தில் வைஃபை வந்துவிட்டது. செலவு எதுவும் இல்லை. கார்டு நல்லபடியாகத்தான் இருந்தது. அதை இயக்கும் மென்பொருள்தான் லேப்டாப்பில் இல்லை.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவர் பழகியது விண்டோஸ். லினக்ஸில் எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தெரியாமைக்கு ஒரு குடும்பம் வளையலை அடகு வைத்து, வட்டியில் மாட்டியிருக்கும். நம் வீடுகள் பலவற்றில் இப்படிப் பழைய லேப்டாப் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இப்போது இத்தனை பேர் மாறுகிறார்கள்?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11-க்குப் புதிய வகைப் பிராசசரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் முறைப்படி அதைப் போட முடியாது. ஆகவே நன்றாக ஓடும் லேப்டாப்பும் "பழசு" என்று ஒதுக்கப்படுகிறது.

லினக்ஸ் அதற்கு ஒரு வழி. பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் மாணவராக இருந்தபோது தொடங்கியது. அதன் உள் எழுத்தை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பணம் கொடுக்காமல் பயன்படுத்தலாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் என்று பல பெயர்களில் வருகிறது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு "பாஸ்" என்ற லினக்ஸை உருவாக்கியது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் முதல் ஆண்டுகளில் வந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம்மில் பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு முடிய இருந்த நேரத்தில், அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று 2013-லேயே தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை சொன்னது. பக்கத்து மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல வருடமாகப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள்.

உறுப்பு கெட்டதா, டிரைவர் இல்லையா?

எல்லாக் குழப்பமும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

லேப்டாப்பில் உள்ள ஒவ்வொரு உறுப்பையும், அதாவது வைஃபை கார்டு, ஸ்பீக்கர், கேமரா, திரை ஒவ்வொன்றையும் இயக்க ஒரு சிறிய மென்பொருள் தேவை. அதற்கு டிரைவர் என்று பெயர். ஷெட்டில் நல்ல வேன் நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை என்றால் வேன் கிளம்பாது. அதற்காக வேன் கெட்டுவிட்டது என்று சொல்ல மாட்டோம்.

லினக்ஸில் பெரும்பாலான உறுப்புகளுக்கு டிரைவர் கூடவே வந்துவிடும். விண்டோஸில் போல ஒவ்வொன்றாகத் தேடிப் போட வேண்டியதில்லை. ஆனால் சில நிறுவனங்கள் தங்கள் சிப் வேலை செய்யும் விதத்தை வெளியே சொல்வதில்லை. அவற்றுக்கான டிரைவரையோ, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்ற கோப்பையோ தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய லேப்டாப்களில் உள்ள பிராட்காம் வைஃபை சிப்புகள் சிலவும், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டும் இந்த வகை.

டெபியன் லினக்ஸ் பல காலம் இப்படிப்பட்ட கோப்புகளைத் தன் நிறுவல் தொகுப்பில் சேர்க்காமலே இருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்துதான் சேர்த்து வருகிறது. எனவே யாராவது பழைய பென் டிரைவிலிருந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தால், புதிய பதிப்பை இறக்கிப் போட்டாலே பாதிக் குறை தீரும்.

மூன்று சாட்சிகளைக் கேளுங்கள்

ஒருவர் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். லேப்டாப்புக்கு மூன்று சாட்சிகள் உண்டு.

முதல் சாட்சி, பயாஸ் திரை. லேப்டாப்பை ஆன் செய்தவுடன், லினக்ஸோ விண்டோஸோ திறக்கும் முன்பே வரும் அமைப்புத் திரை இது. பல லேப்டாப்களில் ஆன் செய்ததும் எஃப்2 விசையைத் தட்டினால் வரும். எச்பி லேப்டாப்களில் எஃப்10. இங்கே எந்த இயங்குதளமும் ஓடவில்லை. இங்கேயும் கீபோர்டு எழுத்து வேலை செய்யவில்லை, திரையில் கோடு விழுகிறது என்றால் குறை உறுப்பில்தான். லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. டெல் லேப்டாப்பில் எஃப்12 பட்டியலிலும், எச்பியில் எஃப்2 விசையிலும் உறுப்புகளைச் சோதிக்கும் வசதியே உள்ளது. அது தானாக ஒவ்வொன்றையும் பார்த்து முடிவு சொல்லும்.

இரண்டாம் சாட்சி, லைவ் பென் டிரைவ். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட்டையோ உபுண்டுவையோ எழுதிக்கொண்டால், லேப்டாப்பில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். எழுதுவதற்கு ரூஃபஸ், வென்டாய் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. எழுதும்போது பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் காலியானதை எடுங்கள். பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்யும்போது லெனோவா, டெல், ஏசர் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசஸ் என்றால் எஸ்கேப் விசையைத் தட்டினால், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும். திறந்ததும் திரையில் "இன்ஸ்டால்" என்று ஓர் அடையாளம் இருக்கும். அதைத் தொடாதவரை உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

இன்னும் லினக்ஸுக்கு மாறாதவர்கள் இதை முதலில் செய்யுங்கள். வைஃபை, சத்தம், கேமரா, வெளிச்சம் கூட்டும் விசை, மூடித் திறப்பது எல்லாம் லைவில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவினால், பிறகு இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவைப்படாது. மாறிவிட்டவர்களுக்கும் இது உதவும். லைவில் வேலை செய்யும் உறுப்பு, நிறுவிய லினக்ஸில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் உறுப்பு நல்லது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஆனால் இதைத் திருப்பிச் சொல்ல முடியாது. லைவிலும் வேலை செய்யவில்லை என்பதால் மட்டும் உறுப்பு கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த டிரைவர் பென் டிரைவிலும் இல்லாமல் இருக்கலாம். தங்கச்சி மகள் லேப்டாப்பில் நடந்தது அதுதான்.

மூன்றாம் சாட்சி, வெளி உறுப்பு. டச்பேட் வேலை செய்யவில்லையா? ஒரு யுஎஸ்பி மவுஸ் செருகுங்கள். ஸ்பீக்கரில் சத்தம் இல்லையா? ஹெட்போன் போட்டுப் பாருங்கள். திரை இருட்டா? எச்டிஎம்ஐ வயரில் வீட்டு டிவியில் இணையுங்கள். இதற்கெல்லாம் பக்கத்து வீட்டில் இரவல் கேட்டாலே போதும்.

வைஃபை: படிப்படியாக

லினக்ஸ் போட்டவர்களுக்கு அதிகம் வரும் குறை இதுதான்.

1. லேப்டாப்பின் ஓரத்தில் வைஃபை சுவிட்ச் இருக்கிறதா, மேல் வரிசை விசை ஒன்றில் விமானப் படமோ ஆன்டெனாப் படமோ இருக்கிறதா என்று பாருங்கள். கை பட்டு அணைந்திருக்கலாம்.

2. டெர்மினல் என்ற கறுப்புச் சன்னலைத் திறந்து ஆர், எஃப், கே, ஐ, எல், எல் என்ற ஆறு எழுத்துகளைச் சிறிய ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி அடித்து என்டர் தட்டுங்கள். வைஃபைக்கு நேராக "சாஃப்ட்" பகுதியில் தடை என்று வந்தால் மென்பொருள் அணைத்திருக்கிறது. "ஹார்டு" பகுதியில் தடை என்றால் சுவிட்சோ விசையோ பயாஸோ அணைத்திருக்கிறது. இரண்டுமே கார்டு கெட்டதைக் குறிக்காது.

3. அதே சன்னலில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்தை அடியுங்கள். லேப்டாப்பின் போர்டில் உள்ள உறுப்புகளின் பட்டியல் வரும். அதில் "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்ற வரியில் கார்டின் பெயர் இருந்தால், கார்டு உயிரோடு இருக்கிறது, கூப்பிட்டால் பதில் சொல்கிறது என்று பொருள். டிரைவர்தான் வேண்டும். (யுஎஸ்பி வழியில் இணையும் வைஃபை, கேமரா, புளூடூத் ஆகியவற்றுக்கு எல், எஸ், யு, எஸ், பி என்று அடித்துப் பார்க்க வேண்டும்.)

4. இன்டர்நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? பலர் இங்கேதான் மலைத்து நின்றுவிடுகிறார்கள். போனை டேட்டா வயரில் லேப்டாப்போடு இணையுங்கள். போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் "யுஎஸ்பி டெதரிங்" என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். அதற்குத் தனி டிரைவர் வேண்டாம். சில வயர்கள் சார்ஜுக்கு மட்டும்தான் ஆகும். டெதரிங் ஆன் ஆகவில்லை என்றால் வயரை மாற்றுங்கள்.

5. இன்டர்நெட் வந்ததும் மின்ட்டில் "டிரைவர் மேனேஜர்", உபுண்டுவில் "அடிஷனல் டிரைவர்ஸ்" என்பதைத் திறங்கள். உங்கள் கார்டுக்குப் பொருத்தமானது இருந்தால் அதுவே காட்டும். தேர்ந்தெடுத்து, லேப்டாப்பை அணைத்துத் திறங்கள். அங்கே எதுவும் காட்டவில்லை என்றால் எல்லாப் புதுப்பிப்புகளையும் ஏற்றிவிட்டு மீண்டும் பாருங்கள்.

6. டிரைவர் போட்ட பிறகும் வரவில்லையா? பயாஸில் "செக்யூர் பூட்" ஆன் ஆக இருந்தால், வெளியிலிருந்து சேர்த்த டிரைவரை அது தடுக்கும். டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி, அடுத்த முறை திறக்கும்போது நீலத் திரையில் அதைக் கேட்கும். அந்தத் திரையைப் பார்த்துப் பயந்து பலர் கடந்துவிடுகிறார்கள். அங்கே "என்ரோல்" என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் டிரைவர் வேலை செய்யும்.

7. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள், விண்டோஸில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அதனால் லினக்ஸில் சில சமயம் வைஃபை கிடைக்காது, விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்புகளிலும் எதையும் சேமிக்க முடியாது.

மூன்றாவது படியில் இரண்டு பட்டியலிலும் கார்டின் பெயரே வரவில்லை, பயாஸிலும் அது அணைக்கப்படவில்லை என்றால், கார்டு சாக்கெட்டில் தளர்ந்திருக்கலாம் அல்லது உண்மையிலேயே போயிருக்கலாம். அப்போது கடைக்குக் கொண்டு போங்கள். அதற்கும் போர்டை மாற்ற வேண்டியதில்லை. யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் கிடைக்கிறது. லினக்ஸில் ஓடுமா என்று கேட்டு, ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

சத்தமும் திரையும்

சத்தம் வரவில்லை என்றால் முதலில் சவுண்ட் செட்டிங்ஸில் "அவுட்புட்" எது என்று பாருங்கள். ஸ்பீக்கருக்குப் பதில் எச்டிஎம்ஐ தேர்வாகியிருப்பது வழக்கம். சத்தம் இல்லாத டிவியைத் தேடி அனுப்பிக்கொண்டிருக்கும். ஹெட்போனில் வருகிறது, ஸ்பீக்கரில் எந்த முறையிலும், லைவிலும்கூட வரவில்லை என்றால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கலாம்.

லினக்ஸ் போட்டதும் திரை கறுப்பாக நிற்கிறதா? பயாஸ் திரை நன்றாகத் தெரிந்தால் திரை கெடவில்லை, கிராஃபிக்ஸ் டிரைவர்தான் குறை. மின்ட் பென் டிரைவின் தொடக்கப் பட்டியலில் "கம்பாட்டிபிலிட்டி மோட்" என்று ஒன்று உண்டு. அதில் திறந்து நிறுவி, பிறகு டிரைவர் மேனேஜரில் சரியான டிரைவரைப் போடலாம்.

பயாஸ் திரையே தெரியவில்லை என்றால், இருட்டறையில் போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் உள்ள விளக்கோ அதன் இணைப்போ போயிருக்கிறது. டிவியில் இணைத்தால் படம் நன்றாக வருகிறது என்றால் போர்டு பெரும்பாலும் நலம். திரையையும் அதற்குப் போகும் வயரையும் மட்டும் பார்த்தால் போதும். "போர்டு போச்சு" என்று யாராவது சொல்லும் முன் இந்தச் சோதனையைச் செய்திருப்பது நல்லது.

நேற்றுவரை நன்றாக இருந்து, புதுப்பிப்பு ஏற்றியதும் ஏதோ ஒன்று நின்றுவிட்டது என்றாலும் பதற வேண்டாம். தொடக்கப் பட்டியலில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்பதில் முந்தைய கெர்னல் இருக்கும். அதில் திறந்தால் பழையபடி ஓடும். அடுத்த புதுப்பிப்பு வரும்வரை அதிலேயே இருக்கலாம்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால்

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்த வேடிக்கை நடக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் பகல் 1 மணி என்பது காலை 7.30 என்று காட்டும். தொழுகை நேரம் சொல்லும் செயலியை லேப்டாப்பில் வைத்திருந்தால் அதுவும் தவறாகச் சொல்லும். லேப்டாப்புக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று படிக்கிறது. இந்திய நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் என்பதால் சரியாக அவ்வளவு வித்தியாசம். இது அமைப்பு மாறுபாடு, ஒரு வரிக் கட்டளையில் சரிசெய்யலாம்.

ஆனால் ஒவ்வொரு முறை சார்ஜரைக் கழற்றி வைத்துத் திறக்கும்போதும் தேதி பல வருடம் பின்னால் போனால் அது வேறு. போர்டில் உள்ள சிறிய நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. அது மலிவான பொருள். தேதி தவறாக இருந்தால் இணையதளங்கள் "பாதுகாப்பு இல்லை" என்று திறக்க மறுக்கும். "நெட் வேலை செய்யவில்லை" என்று வரும் குறைகளில் சில உண்மையில் இந்தச் சின்ன பேட்டரிதான்.

சூடும் பேட்டரியும்

ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்தால் பெரும்பாலும் சூடு. நம் சிங்கம்புணரி தென்னை நார், கயிறு வேலை நடக்கும் ஊர். நார்த்தூசி காற்றில் மிதந்து ஃபேனில் போய் அடையும். மெத்தை, தலையணை மேல் வைத்து ஓட்டினால் காற்றுப் போகும் வழியும் அடைபடும். லேப்டாப்பை மேசைமேல் வையுங்கள். பல வருடம் ஓடியது என்றால் ஒரு முறை திறந்து தூசியைச் சுத்தம் செய்து, சிப்பின் மேல் இருக்கும் வெப்பப் பசையை மாற்றச் சொல்லுங்கள்.

பேட்டரி விரைவில் தீர்ந்தால் லினக்ஸில் "பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" என்பதைத் திறந்து பாருங்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது முழு சார்ஜில் எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. டச்பேட் மேலே தூக்கியோ, அடிப்பகுதி வீங்கியோ தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது வீங்கிய பேட்டரி. குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கடையில் கொடுத்துக் கழற்றுங்கள்.

ஹார்ட் டிஸ்க்: நான் செய்த தவறு

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் உறவுக்காரர் ஒருவர் லேப்டாப் கொண்டு வந்தார். மிக மெதுவாக ஓடியது, உள்ளே "டிக் டிக்" என்று சத்தம். "விண்டோஸ்தான் காரணம், லினக்ஸ் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி அன்றே போட்டேன். கோப்புகள் இன்னொரு பகுதியில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். நிறுவி முடியும் முன்பே டிஸ்க் நின்றுவிட்டது. மவுத்தாகிப் போன அவருடைய அத்தாவின் படங்கள் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றுவரை மனம் ஆறவில்லை.

சத்தம் கேட்டபோதே நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். லைவ் பென் டிரைவில் திறந்து, படங்களையும் சான்றிதழ்களையும் வேறு டிஸ்க்குக்கு எடுத்திருக்க வேண்டும். விண்டோஸ் திறக்காத லேப்டாப்பிலிருந்தும் டிஸ்க் முழுதாகச் சாகும் முன் இப்படிக் கோப்புகளை எடுக்கலாம். அதன் பிறகு லினக்ஸில் "டிஸ்க்ஸ்" என்பதைத் திறந்து "ஸ்மார்ட்" அறிக்கையைப் பார்க்கலாம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைத்திருக்கும். அதில் மோசம் என்று வந்தால் எந்த இயங்குதளம் போட்டும் பயனில்லை. எஸ்எஸ்டி டிஸ்க்காக மாற்றுங்கள். பழைய லேப்டாப்புக்குச் செலவு செய்வதென்றால் முதலில் செய்யத் தகுந்தது அதுதான். வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

யார் மாறக் கூடாது?

லினக்ஸ் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். டேலியில் கணக்கு எழுதுபவர்கள், ஆட்டோகேட் படிக்கும் பிள்ளைகள் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. அந்த மென்பொருள்களுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்பக் கருவி வைத்துத் தொழில் செய்பவர்கள் அந்தக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முதலில் கேளுங்கள். வீட்டிலிருந்து எழுதும் இணையத் தேர்வுகளைக் கண்காணிக்கும் மென்பொருள்களில் சில லினக்ஸில் ஓடாது. கல்லூரியில் விசாரித்துக்கொள்ளுங்கள். பிரிண்டரில் எச்பி பெரும்பாலும் செருகியதும் ஓடும். கடைகளில் அதிகம் காணும் கேனன் எல்பிபி 2900-க்குத் தனி டிரைவர் போட வேண்டும், கொஞ்சம் தொல்லை தரும்.

மற்றபடி படிப்பு, வகுப்பு வீடியோ, விண்ணப்பம் போடுவது, ஆவணம் தட்டுவது, நிரல் எழுதிப் பழகுவது ஆகியவற்றுக்கு லினக்ஸ் தாராளம். தமிழ்99 விசைப்பலகையும், அரபி, உருது விசைப்பலகைகளும் செட்டிங்ஸில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது

வீட்டில் பார்த்தும் சரியாகவில்லை என்றால் கடைக்குப் போகத்தான் வேண்டும். போகும்போது:

- "லேப்டாப் ரிப்பேர்" என்று மட்டும் சொல்லாமல், "பயாஸிலும் கீபோர்டு வரவில்லை", "டிவியில் படம் வருகிறது, திரையில் வரவில்லை" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.
- குடும்பப் படங்கள், ஆவணங்களை முதலில் எடுத்துக்கொண்டு, லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள். நம் பெண்பிள்ளைகளின் படங்கள் உள்ள லேப்டாப்பைப் பாஸ்வேர்டோடு யாரிடமும் விட்டு வராதீர்கள். சோதிக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு பயனர் கணக்கு உண்டாக்கிக் கொடுக்கலாம்.
- எந்த உறுப்பை மாற்றினாலும் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். பில்லும் கேளுங்கள்.
- "போர்டு போச்சு, புதுசு வாங்குங்கள்" என்றால் உடனே முடிவு செய்யாமல் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

நம் தெருவிலேயே கணினி படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கையில் ஒரு லைவ் பென் டிரைவ் இருந்தால் போதும், பத்து வீட்டு லேப்டாப்பைச் சோதித்துவிடலாம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெருநாள் விடுமுறைக்கு வரும்போது ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் எத்தனையோ வீட்டுச் செலவு மிச்சம். தனக்குத் தேவையில்லாத லேப்டாப்பைச் சரிசெய்து, படிக்கும் ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்தால் அதன் நன்மை கொடுத்தவருக்கும் தொடரும், இன்ஷா அல்லாஹ்.

தங்கச்சி மகள் அந்த வாரமே ரெக்கார்டை முடித்து வைத்துவிட்டாள். வளையல் தங்கச்சி கையிலேயே இருக்கிறது. போன வாரம் மகள் போன் செய்தாள். "மாமு, எங்க கிளாஸ்ல இன்னொரு பிள்ளைக்கும் வைஃபை வரல. நானே பாத்துக் குடுத்துட்டேன்" என்றாள்.